பெட்டிக்குள் இருந்தது என்றால் போதுமா?

காணி உறுதி ஒன்றை எவரேனும் நீதிமன்றத்திற் கொண்டுவந்து நீட்டினால் நாம் என்ன செய்கிறோம்? "உறுதி இருக்கிறது, ஆகவே காணி இவருடையதே" என்று கைகட்டி நிற்கிறோமா? முடித்த நொத்தாரிசு யார் என்று கேட்கிறோம். சாட்சிக் கையொப்பம் இட்டவர் எவர், அவர் அன்று அவ்விடத்தில் இருந்தாரா என்று கேட்கிறோம். முத்திரையைப் பார்க்கிறோம், மையைப் பார்க்கிறோம், காணிப் பதிவுக் கந்தோரின் ஏட்டைப் புரட்டுகிறோம். கள்ள உறுதி முடிப்பது நம் நாட்டில் நேற்றுத் தோன்றிய தொழிலன்று. ஆகையால் கடதாசியை நம்புமுன் அதன் பிறப்பை விசாரிக்கும் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறியது.

அதே நீதிமன்றத்தில், அதே நாளில், ஒருவரின் கணினியிலிருந்து எடுத்த கடிதம் ஒன்றைப் பொலிசார் நீட்டட்டும். உடனே மன்றம் அடங்கிவிடுகிறது. மையும் இல்லை, முத்திரையும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆயினும் கேள்வியும் இல்லை! "இயந்திரம் பொய் சொல்லாது" என்கிறார்கள் படித்தவர்கள். "பெட்டிக்குள் இருந்தது, வேறென்ன வேண்டும்?" என்கிறார்கள் பத்திரிகை எழுதுவோர். சட்டத்தரணிகளிலும் இப்படிச் சொல்வோர் உளர் என்பதுதான் நமக்கு நோகிறது.

இயந்திரம் பொய் சொல்லாது என்பது உண்மையே. ஆனால் அது மெய்யும் சொல்வதில்லை. தன்னுள் இடப்பட்டதை அது திருப்பித் தருகிறது. இட்டவர் யார், இட்ட நாள் எது, இட்டது இட்டபடியே இருக்கிறதா என்பவற்றை மனிதன்தான் ஆராய்ந்து சொல்லவேண்டும். அந்த ஆராய்ச்சிக்கே கணினித் தடயவியல் என்று பெயர். அதனை ஒழுங்காகச் செய்தால் குற்றவாளி தப்பமாட்டான். அரைகுறையாகச் செய்தால் குற்றமற்றவன் மறியலுக்குப் போவான். ஒரு பக்கத்தார் மட்டும் செய்து, மற்றப் பக்கத்தாருக்குக் கதவடைத்தால், நீதிமன்றமே தேவையில்லை. கணினியையே நீதிவானின் கதிரையில் இருத்திவிடலாம்!

கலையைப் பழிக்கவில்லை

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் என்று எவரும் எண்ணவேண்டாம். அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்திலே, விச்சிற்றா நகரத்தில், 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்ற ஒருவன் முப்பது ஆண்டுகளாகப் பொலிசாருக்குத் தண்ணி காட்டினான். 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவன் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குச் சிறு கணினித் தட்டு ஒன்றை அனுப்பினான். அதில் முன்பு இருந்து அழிக்கப்பட்ட ஓர் ஆவணத்தின் எச்சத்தை வல்லுநர்கள் மீட்டார்கள். ஒரு தேவாலயத்தின் பெயரும், "டெனிஸ்" என்ற பெயரும் அந்த எச்சத்திற் கிடந்தன. அத்தேவாலயச் சபைத் தலைவர் டெனிஸ் ரேடர் என்பவனே அவன் என்று அந்த மாதமே பிடித்தார்கள்.

கணினி காட்டிக் கொடுத்தது என்று இந்தக் கதையைச் சொல்வோர் மிச்சத்தைச் சொல்வதில்லை. அந்தத் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு பொலிசார் அவனைக் கொலைகாரன் என்று கூறவில்லை. கொலை நடந்த இடங்களில் எடுத்து வைத்திருந்த மரபணுத் தடயத்தை அவனுடைய குடும்பத்தவரின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கைது செய்தார்கள். கணினி வழி காட்டியது. வேறொரு சான்று வந்து உறுதி செய்தது. இதுவே முறை. இம்முறையையே நாம் வேண்டி நிற்கிறோம்.

மூன்று கேள்விகள்

கணினியிலிருந்து எடுத்த சான்று எதுவாயினும் அதனிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படல் வேண்டும்.

முதலாவது: கைப்பற்றிய நாளில் இருந்தது இருந்தபடியே இன்றும் இருக்கிறதா?

இரண்டாவது: அந்த இயந்திரமும் அதன் மென்பொருளும் பிழையின்றி இயங்கினவா?

மூன்றாவது: இதனை இயந்திரத்துள் இட்டவர் இன்று குற்றக்கூண்டில் நிற்பவர்தானா?

முதற் கேள்விக்கு விஞ்ஞானம் நல்ல விடை கண்டிருக்கிறது. கணினியின் வன்தட்டைத் திறந்து படிக்கும்போதே அதில் எழுத்து மாறிவிடும். ஆகவே வாசிக்க விட்டு எழுத விடாமல் தடுக்கும் கருவி ஒன்றை இடையே பொருத்தி, வன்தட்டு முழுவதையும் அப்படியே பிரதி எடுக்கிறார்கள். பின்னர் அதிலுள்ள எல்லாத் தரவையும் ஒரு கணிதச் சூத்திரத்துள் செலுத்தி நீண்டதோர் இலக்கத்தைப் பெறுகிறார்கள். இதனை "ஹாஷ்" இலக்கம் என்பர். தட்டில் ஓர் எழுத்து, ஓர் எழுத்தேனும் மாறினால், அவ்விலக்கம் முற்றாக மாறிவிடும். பழைய காலத்தில் பொதியைக் கட்டி அரக்கு வைத்து முத்திரையிட்டார்களே, அதுபோன்றது இது. கைப்பற்றிய இடத்திலேயே, உடையவரின் கண் முன்னாலேயே, இந்த இலக்கத்தை எடுத்து எழுதி அவர் கையிற் கொடுத்துவிட்டால், பின்னர் எவரும் தட்டைத் தொட்டால் உடனே தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால்? அரக்கு வைக்காத பொதியைப் பொலிஸ் நிலையத்தில் ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு, "நாம் திறக்கவில்லை, நம்புங்கள்" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆனால் வாசகர்கள் ஒன்றை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். இந்த முத்திரை, பொதியைக் கட்டிய பின்னர் நடந்ததற்கே காவல். கட்டுவதற்கு முன்னரே ஒருவன் உள்ளே கள்ளச் சரக்கை வைத்திருந்தால், முத்திரை அந்தக் கள்ளச் சரக்கையும் சேர்த்தே காக்கும்! இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு முத்திரை விடையாகாது. அவற்றைக் கேட்க மறந்ததால் விளைந்த கொடுமைகளை இனிக் கூறுவோம்.

உப தபாலதிபர்களின் கண்ணீர்

பிரித்தானியாவிலே தபாற் கந்தோர் நிறுவனம் 1999ஆம் ஆண்டு தொடக்கம் தன் கிளைகளில் "ஹொரைசன்" என்ற கணக்குக் கணினி முறையைப் புகுத்தியது. அதனை அமைத்தது ஃபுஜிற்சு நிறுவனத்தைச் சேர்ந்த கம்பனி. கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் கடையோடு சேர்த்துத் தபாற் கந்தோர் நடத்திய உப தபாலதிபர்கள் மாலையிற் கணக்கு முடித்தால் காசு குறைகிறது என்று கணினி சொல்லும். மீண்டும் எண்ணுவார்கள், மீண்டும் குறையும். தம் சேமிப்பை எடுத்துக் கட்டினார்கள்; உற்றார் உறவினரிடம் கடன்பட்டுக் கட்டினார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலருக்கு, "உமக்கு மட்டுமே இப்படி நடக்கிறது" என்று விடை கிடைத்ததாம்.

பின்னர் வழக்கு வந்தது. யார் தொடுத்த வழக்கு? காசு போயிற்று என்று முறையிட்டதும் தபாற் கந்தோர் நிறுவனம். விசாரித்ததும் அதே நிறுவனம். பெரும்பாலான வழக்குகளில் குற்றஞ்சாட்டி மன்றேறியதும் அதே நிறுவனம். சான்றாக வந்ததோ அதே நிறுவனத்தின் கணினி! ஒருவனே வாதியும் துப்பறிவோனும் வழக்குத் தொடுநனுமாகி, தன் கணக்குப் புத்தகத்தையே சாட்சியாக ஏற்றினால், எதிரிக்கு எங்கே நீதி?

900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். கருவுற்றிருந்த ஒரு பெண் 2010ஆம் ஆண்டில் பதினைந்து மாத மறியல் தண்டனை பெற்றார். வேறொருவர் சட்டத்தரணி வைக்கப் பணமின்றித் தாமே வாதாடி, 2007ஆம் ஆண்டில் தோற்று, 3,21,000 பவுண் வழக்குச் செலவு சுமத்தப்பட்டு வங்குரோத்தானார். இவர்கள் கேட்டது பெரியதொன்றுமில்லை. கணினியின் உள்ளே நடந்ததைக் காட்டும் பதிவுகளை எமக்குத் தாருங்கள் என்றார்கள். முழுமையாகக் கொடுக்கவில்லை. அமைப்பில் அறியப்பட்ட பிழைகளுக்குத் தனியாக ஓர் ஏடு இருந்தது. அந்த ஏடு எதிரிகளின் கைக்கு எட்டவில்லை. உப தபாலதிபர் அறியாமலே அவருடைய கிளைக் கணக்கைத் தொலைவிலிருந்து மாற்றும் வழியும் இருந்தது. அதுவும் மறைக்கப்பட்டது.

555 பேர் ஒன்றுகூடி வழக்காடியதன் பின்னரே உண்மை வெளிவந்தது. 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி நீதியரசர் பிரேசர், கிளைக் கணக்குகளிற் பற்றாக்குறை காட்டக்கூடிய பிழைகள் அந்த முறையில் இருந்தன என்று தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரில் 23ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் குற்றத்தீர்ப்புக்களை நீக்கியது. 2024 மே மாதத்திற் பாராளுமன்றமே ஒரு சட்டம் இயற்றி நூற்றுக்கணக்கானோரின் தீர்ப்புக்களை ஒரே அடியில் துடைத்தது. 2025 யூலையில் வெளிவந்த பொது விசாரணை அறிக்கையோ, குறைந்தது பதின்மூன்று பேர் இதன் பொருட்டுத் தம்முயிரை மாய்த்திருக்கக்கூடும் என்று சொல்கிறது. சட்டம் தீர்ப்பைத் துடைக்கும். போன உயிரை யார் தருவார்?

இவ்வளவும் எங்ஙனம் நடந்தது? அங்கே 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69ஆம் பிரிவு, கணினிச் சான்றைக் கொண்டுவருவோர் அக்கணினி ஒழுங்காக இயங்கியதென்று காட்டவேண்டும் என விதித்திருந்தது. அது வழக்குத் தொடுநர்க்குச் சிரமம் தருகிறது என்று சொல்லி 1999ஆம் ஆண்டில் அதனை நீக்கினார்கள். அதன்பின், "கணினி ஒழுங்காகவே இயங்கிற்று என்று அனுமானிக்குக, இல்லையெனில் எதிரி காட்டட்டும்" என்பதே நிலையாயிற்று. எந்த ஆண்டில் ஹொரைசன் புகுந்ததோ அந்த ஆண்டிலேயே காவலை எடுத்தார்கள்! பயிர் முற்றும் பருவத்தில் வேலியைப் பிடுங்கிய கதை இது.

இதற்கு மாறாக டென்மார்க் நாடு நடந்துகொண்ட விதத்தையும் கூறவேண்டும். கைத்தொலைபேசி இருந்த இடத்தைக் காட்டும் தரவை மாற்றித் தரும் பொலிஸ் மென்பொருளிற் பிழை இருப்பது 2019ஆம் ஆண்டில் அங்கே தெரியவந்தது. அந்நாட்டின் வழக்குத் தொடுநர் தலைவர் என்ன செய்தார்? அத்தகைய சான்றை நீதிமன்றங்களிற் பயன்படுத்துவதை இரண்டு மாதம் நிறுத்தினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வழக்குகளை மீளப் பார்க்கப் பணித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் விளக்கமறியலிலிருந்து விடப்பட்டனர். பிழை எங்கும் நிகழும். பிழையை ஒப்புக்கொள்வதிலேதான் ஓர் அரசின் நாணயம் தெரியும்.

ஸ்டான் சுவாமி அடிகளார்

இனி மூன்றாவது கேள்வி. இதனை எழுதும்போது நம் எழுதுகோல் கனக்கிறது.

2018 ஜனவரி முதலாந் திகதி இந்தியாவில் மகாராட்டிர மாநிலத்தின் பீமா கோரேகான் என்னுமிடத்திலே, தலித் மக்கள் ஆண்டுதோறும் கூடும் நினைவு நாளில் வன்செயல் நிகழ்ந்தது. முதல் நாள் பூனே நகரில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டமே அதற்குத் தூண்டுகோல் என்று பொலிசார் வழக்கெழுதினார்கள். எழுத்தாளர், பேராசிரியர், சட்டத்தரணி, கலைஞர் எனப் பதினாறு பேர் 2018க்கும் 2020க்கும் இடையிற் கைதாயினர். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் ஏவப்பட்டது. சிறைப்பட்டோரின் உரிமைக்காக உழைத்த றோனா வில்சன் என்பவரின் கணினியிற் கடிதங்கள் இருந்தனவாம். நாட்டின் பிரதமரைக் கொல்லும் சதி பற்றியும் அவற்றில் எழுதியிருந்ததாம். செய்தித்தாள்களில் அக்கடிதங்கள் வெளியாயின. விசாரணைக்கு முன்னரே வீதியிலே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

எதிரிகளின் சட்டத்தரணிகள் நீதிமன்றம் மூலம் அவ்வன்தட்டின் பிரதியைப் பெற்று, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆர்சனல் என்ற தடயவியல் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2021 பெப்ரவரியில் அந்நிறுவனத்தின் அறிக்கை வெளிவந்தது. அது சொல்வதைக் கேளுங்கள். 2016 ஜூன் மாதத்தில், தெரிந்த ஒருவரின் முகவரியிலிருந்து வந்த மின்னஞ்சலை வில்சன் திறக்கிறார். அதனோடு "நெற்வயர்" என்ற நச்சு மென்பொருள் கணினிக்குள் நுழைகிறது. அன்று தொட்டு 22 மாதங்களுக்கு மேலாக, எங்கோ இருந்த ஒருவர் அக்கணினியைத் தம் கைப்பிடியில் வைத்திருக்கிறார். மறைக்கப்பட்ட கோப்புறை ஒன்றை உண்டாக்கி அதனுள் பத்துக் கடிதங்களை இடுகிறார். அக்கடிதங்களை வில்சன் ஒருநாளேனும் திறந்து பார்த்ததற்குத் தடயம் இல்லை. அவருடைய கணினியில் இருந்த எழுத்து மென்பொருள் பழைய பதிப்பு. கடிதங்களோ அதிலும் புதிய பதிப்பிற் செய்யப்பட்டவை. பேனாவே இல்லாத வீட்டில் பேனாவால் எழுதிய கடிதம்!

இந்த வழக்கிற் கடைசியாகக் கைதானவர் யேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி அடிகளார். திருச்சிராப்பள்ளிப் பக்கத்திற் பிறந்த தமிழர். ஜார்க்கண்ட் மாநிலத்து ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணையின்றி மறியலிற் கிடந்த அவர்தம் இளைஞருக்காகவும் குரல் கொடுத்தவர். 2020 ஒக்டோபரிற் கைதானபோது வயது 83. நடுக்குவாத நோயால் கிண்ணத்தைக் கையிற் பிடிக்க முடியாது. நீர் அருந்த ஒரு குழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுச்செய்ய வேண்டியதாயிற்று. பிணை கேட்டார், மறுத்தார்கள். 2021 யூலை 5ஆந் திகதி, பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே, மும்பாய் வைத்தியசாலை ஒன்றிற் கைதியாகவே கண்மூடினார்.

அவர் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகும் தறுவாயில், 2022 டிசெம்பரில், அவருடைய கணினி பற்றிய ஆர்சனல் அறிக்கை வந்தது. 2014 தொடக்கம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அக்கணினி பிறரின் ஆட்சியில் இருந்தது என்றும், நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புக்கள் அதிற் புகுத்தப்பட்டன என்றும் அவ்வறிக்கை சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. 2019 ஜூன் 11ஆந் திகதி, புகுந்தவர் தம் காலடித் தடங்களை அவசர அவசரமாக அழித்தாராம். மறுநாள் 12ஆந் திகதி பொலிசார் வந்து கணினியைக் கைப்பற்றினர். நாளை சோதனை வரும் என்று அந்தக் கள்வனுக்குச் சொன்னவர் யார்? நாம் விடை கூறவில்லை. விடை காணும் கடமை உள்ளவர்கள் கேள்வியையே கேட்கவில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். இந்தியத் தேசிய விசாரணை முகவர் நிலையம், அரசு ஆய்வுகூடத்தின் அறிக்கையில் நச்சு மென்பொருள் எதுவும் காணப்படவில்லை என்கிறது. தனியார் அறிக்கையை ஏற்கமுடியாது என்கிறது. நன்று. ஆர்சனல் அறிக்கை வேதவாக்கு என்று நாமும் சொல்லவில்லை. அதனை எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். அரசு ஆய்வுகூடத்தாரையும் ஏற்றுங்கள். எந்தக் கருவியால் தேடினீர், எதைத் தேடினீர், எதைத் தேடாது விட்டீர் என்று இருவரையும் கேட்கட்டும். நீதிமன்றம் இருப்பது அதற்காகத்தானே? ஆனால் விசாரணை எங்கே? 2025 ஜனவரியில் பம்பாய் மேல் நீதிமன்றம் வில்சனுக்குப் பிணை வழங்கியபோது அவர் ஆறரை ஆண்டு மறியலில் இருந்துவிட்டார். அன்றுவரை குற்றப்பத்திரம் வாசித்து வழக்குத் தொடங்கவேயில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட சாட்சிகள் காத்திருந்தார்கள். ஸ்டான் சுவாமி அடிகளாருக்கோ எந்தக் காலத்திலும் விசாரணை இல்லை. பரிசோதிக்கப்படாத கோப்பு ஒன்று, பரிசோதனை நடக்குமுன்னரே தண்டனையை நிறைவேற்றி முடித்துவிட்டது!

நமக்கென்ன என்பார்க்கு

"இலண்டனிலும் பூனேயிலும் நடந்தது நமக்கென்ன?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தையே திறந்து காட்டுகிறோம்.

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், கணினி ஒழுங்காக இயங்கியது காட்டப்படவேண்டும் என்றது. விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்றது. மறுதரப்பார் சென்று பார்வையிட வழி வைத்தது. இதில் நீதி இருந்தது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமோ, தன் 21ஆம் பிரிவில், மறுதலை எண்பிக்கப்படும் வரை இலத்திரனியல் ஆவணத்தில் உள்ள தகவல் உண்மையென்றும், எவர் ஆக்கியதாகத் தோன்றுகிறதோ அவரே ஆக்கினார் என்றும் அனுமானிக்கும்படி நீதிமன்றத்துக்கு விதித்தது. இந்தச் சட்டம் பொருந்தும் இடத்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்றும் எழுதிவைத்தார்கள். வியாபாரிகள் இருவர் தமக்குள் விலைச்சீட்டுப் பரிமாறுவதற்கு இந்த அனுமானம் வசதியானது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒருவனின் சுதந்திரம் தராசிற் கிடக்கும் வழக்கில், "எவர் பெயர் இருக்கிறதோ அவரே எழுதினார்" என்று தொடங்குவது எங்ஙனம் பொருந்தும்? வில்சனின் கணினியில் இருந்த கடிதங்களை இந்த அனுமானத்தின் முன் வைத்துப் பாருங்கள்.

தமிழ் மக்களுக்கு இந்தச் சுமை புதிதன்று. நம் சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸ் உத்தியோகத்தருக்குச் சொன்ன குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்க மறுத்தது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த வேலியை வெட்டியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குச் சொன்னதாக எழுதப்பட்ட ஒப்புதல் சான்றாயிற்று. அது அடித்து வாங்கப்பட்டது என்று எண்பிக்கும் பாரம் அடிபட்டவன் தலையில் ஏற்றப்பட்டது. மூடிய அறைக்குள் நடந்ததற்கு அவன் எங்கே போய்ச் சாட்சி தேடுவான்? எத்தனை இளைஞர்களின் வாழ்வு அந்த ஒரு கடதாசியில் முடிந்தது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இன்று மூடிய அறை சிறுத்துவிட்டது. சட்டைப் பைக்குள் அடங்கும் கைத்தொலைபேசியாகிவிட்டது. அடிக்கவேண்டியதில்லை, மிரட்டவேண்டியதில்லை, கையொப்பமும் வேண்டியதில்லை. ஒரு கோப்பு அங்கே இருந்தால் போதும். அதை மறுக்கும் பாரமோ பழையபடியே எதிரியின் தலையில்! அதை மறுப்பதற்குக் கணினி வல்லுநர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், காசு வேண்டும். வன்னியிலோ மலையகத்திலோ நாட்கூலிக்குப் போகும் ஒருவனின் மகன் இவற்றுக்கு எங்கே போவான்? வில்சனுக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று கூலி வாங்காது உழைத்தது. அப்படியிருந்தும் கைப்பற்றியதிலிருந்து அறிக்கை வர மூன்றாண்டு ஆகப் பார்த்தது. ஒவ்வொரு ஏழைக்கும் ஓர் ஆர்சனல் வருமா?

கம்பனிகளிலே வேலைசெய்வோரும் இதனைத் தம் பிரச்சினை அல்ல என்று எண்ணவேண்டாம். உப தபாலதிபர்களைக் கெடுத்தது பயங்கரவாதச் சட்டமன்று. ஒரு கணக்கு மென்பொருள். முதலாளியின் கணினி, முதலாளியின் பதிவு, முதலாளி அமர்த்திய ஆய்வாளர் என்று மூன்றும் ஒரே கையில் இருக்கும்போது, "நீர் இராசினாமா எழுதும், இல்லையேல் பொலிசுக்குப் போவோம்" என்று ஒரு குமாஸ்தாவிடம் சொல்வது எவ்வளவு எளிது!

நாம் கேட்பவை

ஆகவே நாம் வெறுமனே புலம்பி முடிக்கவில்லை. பாராளுமன்றத்தில் இருப்போரும், சட்டத்தரணிகள் சங்கத்தாரும், தொழிற்சங்கத்தாரும் ஒருமித்துக் கேட்கவேண்டியவை இவை.

ஒன்று: கணினியோ கைத்தொலைபேசியோ கைப்பற்றப்படும் இடத்திலேயே, உடையவர் முன்னிலையில், ஹாஷ் இலக்கம் எடுக்கப்பட்டு, கைப்பற்றிய பொருட்பட்டியலில் எழுதி அவர் கையிற் கொடுக்கப்படவேண்டும். அவ்விலக்கம் இல்லாத சான்று வழக்கில் ஏறக்கூடாது. இந்தியாகூட 2024 யூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சான்றுச் சட்டத்தின் சான்றிதழில் இவ்விலக்கத்தைக் கேட்கிறது. கைப்பற்றும் நாளுக்கே அதை முன்கொண்டுவரும்படி நாம் கேட்கிறோம்.

இரண்டு: பொலிசார் தெரிந்தெடுத்த பக்கங்களை மட்டுமன்றி, வன்தட்டின் முழுப் பிரதியும் குற்றப்பத்திரத்தோடு எதிரிக்குக் கிடைக்கவேண்டும்.

மூன்று: குற்ற வழக்குகளில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமானம் நீக்கப்படவேண்டும். இயந்திரம் பிழையின்றி இயங்கியது, நச்சு மென்பொருள் தேடப்பட்டது, எதிரியே இதனை ஆக்கினார் என்பவற்றை எண்பிக்கும் பாரம் வழக்குத் தொடுநரையே சாரவேண்டும்.

நான்கு: வசதியற்ற எதிரிக்கு, பொலிசாரின் கட்டுப்பாட்டில் இல்லாத வல்லுநர் ஒருவர் அரசின் செலவில் அமர்த்தப்படவேண்டும். ஆய்வறிக்கை எதிரிக்கு விளங்கும் மொழியிற் கொடுக்கப்படவேண்டும். தமிழனுக்குத் தமிழிலே வேண்டும்.

ஐந்து: கணினிக் கோப்பு ஒன்றை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, அதனை உறுதிசெய்யும் வேறு சான்று இன்றி, எவரும் குற்றவாளியாக்கப்படலாகாது, விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் மறியலில் வைக்கப்படலும் ஆகாது.

இவை குற்றவாளிக்குத் தப்பும் வழி என்று சிலர் கூக்குரலிடுவர். விச்சிற்றாவின் கொலைகாரன் இவற்றுள் எதனால் தப்பியிருப்பான்? அவனைப் பிடித்தவர்கள் கணினி சொன்னதை வேறொரு சான்றால் உறுதிசெய்தார்கள். அவன் வாழ்நாள் முழுதும் சிறையில் இருக்கத் தீர்க்கப்பட்டான். உண்மையான சான்று சோதனைக்கு அஞ்சாது. சோதனைக்கு அஞ்சும் சான்றை நாமும் நம்பவேண்டியதில்லை.

சட்டத்தரணி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை உங்கள் முன் ஒரு கணினிக் கோப்பு நீட்டப்படும். அது வழக்கில் ஏறுமுன் எழுந்து நில்லுங்கள். கள்ள உறுதியைக் கண்டால் கேட்பீர்களே, அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இருந்தபடி இருக்கிறதா? இயந்திரம் சரியா? இட்டவர் இவர்தானா? அவற்றைக் கேட்க ஒருவர் இல்லாமற் போனதால் ஊரார் முன் தலைகுனிந்த உப தபாலதிபர்கள் உண்டு. கேட்டும் விடை வருமுன் குழல் ஒன்றுக்கு மனுச்செய்து மாண்ட ஒரு முதியவரும் உண்டு. நம் மண்ணில் அந்தப் பட்டியல் தொடங்கவேண்டாம்.